சிப்பி கட்டும் வீடு

அந்தமான் நிக்கோபார் தீவுகளின் தலைநகராகிய போர்ட் பிளேரில், ஷாதிபூர் என்பது ஒரு பகுதியின் பெயர். தலைநகரம் 2024-ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. எனினும் பழகிய நாவுக்குப் பழைய பெயரே முந்துகிறது. 'ஷாதி' என்னும் இந்துஸ்தானிச் சொல்லுக்குத் திருமணம் என்பது பொருள். 1858-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் ஆங்கில அரசு இங்குக் கைதிக் குடியேற்றத்தைத் தொடங்கியது. நன்னடத்தையோடு ஆண்டுகள் பல கழித்த கைதிகள் பெண் கைதிகளை மணந்து தனிக் குடித்தனம் நடத்த அனுமதிக்கப்பட்டனர். அவ்வாறு மணம் புரிந்தோரால் அமைந்த இடம் ஆதலின் ஷாதிபூர் ஆயிற்று என்பது இங்கு வழிவழியாகச் சொல்லப்பட்டு வரும் செய்தி.

தாமே விரும்பி வந்தவர்கள் அல்லர் அவர்கள். அலை கொண்டுவந்து ஒதுக்கிய இடத்தில் வேரூன்றினர். கிடைத்த மண்ணையும் மரத்தையும் கொண்டு வீடு கட்டினர். அவர்களுக்குப் பின், தமிழகத்திலிருந்து பிழைப்பை நாடியும், பர்மாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் இடம் பெயர்ந்தும், நம்மவர் இத்தீவுகளுக்கு வந்தனர். இவர்கள் எல்லோருக்கும் முன்பே, அலை ஒதுக்கிய பாறையில் ஒட்டிக்கொண்டு, கிடைத்த நீரைக் கொண்டே வீடு கட்டி வாழும் ஓர் உயிர் இக்கரையில் இருந்தது. அதுவே சிப்பி. அதன் வீட்டைப் பற்றி இம்மாதம் சற்றே காண்போம்.

கடல் வற்றும் வேளையில்

ஷாதிபூரிலிருந்து எத்திசை நோக்கிப் புறப்பட்டாலும் கடல் நெடுந்தொலைவில் இல்லை. மேடும் பள்ளமுமாகக் கிடக்கும் இந்நகரைக் கடல் பல புறங்களிலும் விரல் விட்டு அணைத்துள்ளது. நாள்தோறும் இருமுறை கடல் ஏறுகிறது, இருமுறை வற்றுகிறது. அமாவாசை, பௌர்ணமி நாட்களை ஒட்டி இவ்வேற்றத்திற்கும் வற்றத்திற்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ 2 மீட்டர். வற்றிய வேளையில் கரைப் பாறைகளையும், தோணித்துறைக் கால்களையும், கண்டல் மரங்களின் வேர்களையும் நோக்கினால், சாம்பல் நிறத்தில் கரடுமுரடாக ஒரு பட்டை தென்படும். அருகே சென்று பார்த்தால் அது பாறையன்று. பாறைச் சிப்பிகளின் கூட்டம். ஒன்றன்மேல் ஒன்று ஒட்டி, வாள்பல் போன்ற விளிம்புகளோடு நிற்கும். வெறுங்காலுடன் நடப்போர் காலைக் கிழிக்கும் கூர்மை உடையது. ஆகவே பிள்ளைகளை அழைத்துச் செல்லும் பெற்றோர் செருப்பை மறத்தல் ஆகாது.

சிப்பியின் கூடு இரண்டு ஓடுகளால் ஆனது. குழிந்த இடப்புற ஓடு பாறையோடு பாறையாக ஒட்டியிருக்கும். தட்டையான வலப்புற ஓடு மூடியாக அமையும். உள்ளே வலுமிக்க ஒரு மூடுதசை இரண்டையும் இழுத்துப் பிடித்துள்ளது. கடல் ஏறும்போது தசை தளர, மூடி சற்றே திறக்கும், நீர் உட்புகும், அதிலுள்ள நுண்ணுயிர்களைச் சிப்பி வடித்து உண்ணும். கடல் வற்றும்போது மூடி இறுகும்; ஒரு மிடறு கடல்நீரை உள்ளே அடைத்துக்கொண்டு, வெயிலையும் மழையையும் அது பொறுத்திருக்கும். இறந்த சிப்பி வாய் திறந்து கிடப்பதன் காரணமும் இதுவே. மூடுவதற்குத் தசையின் உழைப்பு வேண்டும். திறப்பதற்கோ கீலில் உள்ள மீள்தன்மை மிக்க நார் ஒன்றே போதும்.

எதனால் ஆனது?

உலர்ந்த சிப்பி ஓட்டின் எடையில் நூற்றுக்கு 95 பங்குக்கு மேல் ஒரே பொருள்தான். வேதியியலார் அதைக் கால்சியம் கார்பனேட் என்பர். அதன் நூறு கிராமில் கால்சியம் 40, கரி 12, பிராணவாயு 48. நம் பாட்டிமார் வெற்றிலையில் தடவிய சுண்ணாம்பிற்கும், பொங்கலுக்கு முன் சுவரில் பூசிய வெள்ளைக்கும் மூலப்பொருள் இதுவே. எஞ்சிய சில பங்கு, புரதம் முதலான உயிர்ப்பொருள். மக்னீசியம், ஸ்ட்ரான்சியம் போன்றவையும் மிகச் சிறிய அளவில் கலந்திருக்கும்.

ஆனால் ஒரே பொருள் இரு வடிவங்களில் அமையக்கூடும் என்பதில்தான் வியப்பு உள்ளது. அதே செங்கல்லை இருவிதமாக அடுக்கி இருவேறு சுவர் எழுப்புவது போல, அதே அணுக்கள் இருவகையாக அடுக்கப்பட்டு இருவேறு கனிமங்கள் ஆகின்றன. ஒன்றின் பெயர் கால்சைட். மற்றொன்றின் பெயர் அரகோனைட். பின்னது ஸ்பெயின் நாட்டின் அரகோன் என்னும் பெயரால் வழங்குவது. அரகோனைட் சற்றே அடர்த்தி மிக்கது, கடினமானது. ஆயினும் நீரில் எளிதாகக் கரையக்கூடியதும் அதுவே. இந்த வேற்றுமையைப் படிப்போர் நினைவிற் கொள்ளுதல் வேண்டும். பின்னர் இதனால் ஒரு பெருங்கவலை எழவுள்ளது.

பாறைச் சிப்பியின் ஓட்டில் பெரும்பகுதி கால்சைட். மூடுதசை பற்றும் இடத்தில் மட்டும் மெல்லிய அரகோனைட் படலம் உண்டு. நம்மவர் முத்தெடுத்த முத்துச்சிப்பியோ இதனின் வேறான இனம். அது பாறையில் பூசி ஒட்டுவதில்லை. நார்களால் தன்னைக் கட்டிக்கொள்ளும். அதன் ஓட்டின் வெளிப்புறம் தூண் தூணாக நிற்கும் கால்சைட். உட்புறம் ஒளிவீசும் முத்துப்படலம், அது அரகோனைட். அப்படலத்தில் உள்ள ஒவ்வோர் ஏடும் ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ இரண்டாயிரத்தில் ஒரு பங்கு தடிப்பே உடையது. ஏட்டுக்கும் ஏட்டுக்கும் இடையே புரதம் சாந்து போல் நிற்கிறது. செங்கல் மட்டும் உடையும். சாந்து மட்டும் வளையும். இரண்டும் சேர்ந்த சுவரோ எளிதில் பிளவுபடாது. வெறும் அரகோனைட்டை விட முத்துப்படலம் பன்மடங்கு முறியாத்தன்மை கொண்டிருப்பதன் மறைபொருள் இதுதான். ஏடுகளின் தடிப்பு ஒளியலையின் நீளத்தை ஒத்திருப்பதால்தான் வானவில் நிறங்களும் தோன்றுகின்றன; சாயம் ஒன்றும் அங்கு இல்லை.

எவ்வாறு கட்டுகிறது?

சுவாதி நாளில் பெய்யும் மழைத்துளி சிப்பியின் வாயில் விழுந்து முத்தாகும் என்பது நம் முன்னோர் கற்பனை. மழைத்துளியில் அன்று, கடல்நீரில்தான் சிப்பிக்கு வேண்டிய சரக்கு உள்ளது. ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 400 மில்லிகிராம் கால்சியம் கரைந்துள்ளது. 50 கிராம் எடையுள்ள ஓர் ஓட்டில் ஏறத்தாழ 20 கிராம் கால்சியம் உண்டு. அதாவது, ஏறக்குறைய 50 லிட்டர் கடல்நீரில் கரைந்துள்ள கால்சியம் முழுவதும் அதற்குள் அடங்கியுள்ளது. ஒரு கிராம் ஓட்டுக்கு ஒரு லிட்டர் கடல் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். முழுவதையும் வடித்தெடுக்க எவ்வுயிராலும் ஆகாது; ஆதலின் சிப்பி அதனினும் மிகப் பலமடங்கு நீரோடு உறவாடியே தன் வீட்டைக் கட்டியிருத்தல் வேண்டும்.

கட்டும் கொத்தன் யார்? சிப்பியின் உடலைச் சூழ்ந்து, ஓட்டின் உட்புறத்தில் படிந்து கிடக்கும் மெல்லிய சதைப் படலம். அதற்குப் போர்வை என்று பெயரிடலாம். போர்வைக்கும் ஓட்டுக்கும் இடையே மயிரிழை அளவான இடைவெளியில் ஒரு நீர்மம் தேங்கியுள்ளது. கடலிலிருந்து வந்த கால்சியத்தையும், நீரில் கரைந்து நிற்கும் பைகார்பனேட்டையும் போர்வை அந்த இடைவெளிக்குக் கொண்டுசேர்க்கிறது. முதலில் புரதங்களாலான ஒரு சாரம் எழுகிறது; அதன்மேல் கனிமம் படிகமாக உறைகிறது. எவ்விடத்தில் கால்சைட், எவ்விடத்தில் அரகோனைட் என்பதைப் பெரிதும் தீர்மானிப்பவை அப்புரதங்களே. அவற்றின் திட்டமோ தாய் தந்தையரிடமிருந்து வழிவழி வந்தது. சரக்கு வந்த இடத்து நீரினுடையது. கட்டும் முறை குலத்தினுடையது.

வளர்ச்சி நாள் முழுதும் ஒரே சீராக நடப்பதில்லை. கடல் ஏறிய வேளையில் கூடு வளர்கிறது. வற்றிய வேளையில் வாய் மூடிக் கிடக்கும்போது உடலில் புளிப்பு மிகுகிறது. அதைத் தணிக்கத் தன் ஓட்டின் உட்புறத்தையே சிறிது கரைத்துக்கொள்வதும் உண்டு. இவ்வாறு வளர்தலும் நிற்றலும் மாறி மாறி நிகழ்வதால் ஓட்டில் வரிகள் விழுகின்றன. நுண்ணோக்கியில் அவற்றை எண்ணுவோர், கடந்து போன ஓதங்களையும் பருவங்களையும் படித்தறிகின்றனர்.

சிப்பியின் இளமைப் பருவமும் அறியத்தக்கது. கருவுற்ற முட்டையிலிருந்து தோன்றும் குஞ்சு, ஏறத்தாழ ஒரு நாளுக்குள் தன் முதல் ஓட்டைச் சுரந்துவிடும். இரண்டு மூன்று வாரங்கள் அது கடலில் மிதந்து திரியும். பின்னர்ச் சிறு பாதம் ஒன்றை நீட்டி, இடம் இடமாகத் தடவிப் பார்க்கும். தக்க இடம் என்று கண்டதும் ஒரு துளிப் பசையால் தன்னை ஒட்டிக்கொள்ளும். அதன்பின் வாழ்நாள் முழுதும் இடம் பெயர்தல் இல்லை. அது பெரிதும் நாடுவது மூத்த சிப்பிகளின் ஓட்டையே. முன்னே வந்தவர் விட்டுச் சென்ற கூடு பின்னே வருபவருக்கு அடித்தளம் ஆகிறது. கரையில் காணும் அடுக்கடுக்கான சிப்பிப் பாறை இங்ஙனம் தலைமுறை தலைமுறையாக எழுந்ததே.

கூட்டின் மறுபிறவிகள்

சிப்பி இறந்த பின்னும் கூடு வீணாவதில்லை. இத்தீவுகளின் தொல்குடியினர் உண்டு எறிந்த கிளிஞ்சல்களும் விலங்கெலும்புகளும் மட்கல ஓடுகளும் காலப்போக்கில் மேடுகளாகக் குவிந்தன. ஃபெர்டினாண்டு ஸ்டோலிச்கா என்னும் நிலவியலார் 1870-ஆம் ஆண்டிலேயே இம்மேடுகளைப் பற்றி எழுதினார். பின்னர், 1980-களில், சரீன் கூப்பர் என்னும் அகழ்வாய்வாளர் தெற்கு அந்தமானில் சௌல்தாரி என்னுமிடத்து மேட்டை ஆராய்ந்தார். அதன் காலம் ஏறத்தாழ 2200 ஆண்டுகளுக்கு முற்பட்டது எனத் தெரியவந்தது. எழுத்து ஒன்றும் விட்டுச் செல்லாத மக்களுக்குக் கிளிஞ்சலே ஏடாக நின்று சான்று பகர்கிறது.

நம் நாட்டில் கிளிஞ்சலைச் சூளையில் இட்டுச் சுட்டனர். ஏறத்தாழ 900 பாகை வெப்பத்தில் நூறு பங்கு சுண்ணாம்புக் கனிமம் 44 பங்கு கரியமில வாயுவை இழந்து, 56 பங்கு சுட்ட சுண்ணாம்பாகிறது. நீர் தெளித்தால் அது கொதித்துப் பூக்கும். மணலோடு அரைத்துச் சுவரில் பூசினால், இழந்த கரியமில வாயுவைக் காற்றிலிருந்து சிறிது சிறிதாக மீண்டும் உறிஞ்சி, பழையபடி கல்லாகிறது. செட்டிநாட்டு வீடுகளின் பளபளக்கும் சுவர்ப்பூச்சில் இத்தகைய சுண்ணாம்பே இடம்பெற்றது. ஆக, கடலில் சிப்பிக்கு வீடாக இருந்தது கரையில் மனிதனுக்கும் வீடாயிற்று.

இதே நாடகத்தை இயற்கை பெரிய அளவில் நடத்திக் காட்டும் இடம் ஒன்று, தலைநகருக்கு வடக்கே ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவில், பாராடாங் தீவில் உள்ளது. அங்குள்ள சுண்ணாம்புக் குகைகளுக்குப் படகில் ஏறிக் கண்டல் காட்டு ஓடை வழியே செல்லுதல் வேண்டும். முன்னொரு காலத்தில் கடலடியில் படிந்த உயிர்களின் கூடுகள் இறுகிச் சுண்ணாம்புப் பாறையாயின. மண்ணிலிருந்து கரியமில வாயுவை ஏந்தி வரும் மழைநீர் அப்பாறையைக் கரைத்துக் குகை குடைகிறது. அந்நீரே கூரையிலிருந்து சொட்டும்போது வாயுவை விட்டு, மீண்டும் கால்சைட்டைத் தொங்கு தூண்களாகப் படிய வைக்கிறது. கரைதலும் உறைதலும் ஒரே செயலின் இரு திசைகள். எத்திசையில் செல்லும் என்பதை நீரின் தன்மையே முடிவு செய்கிறது.

தூத்துக்குடியும் போர்ட் பிளேரும்

முத்து என்றதும் தமிழர் நெஞ்சம் கொற்கையை நினைக்கும். மன்னார் வளைகுடாவில் கடலடிப் பார்களில் முத்துக்குளித்த வரலாறு நெடியது. தூத்துக்குடியில் அரசு நடத்திய கடைசி முத்துக்குளிப்பு 1961-ஆம் ஆண்டில் முடிந்தது. அதன்பின், 1973-ஆம் ஆண்டில், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த கே. அழகர்சாமி, தூத்துக்குடிக்கு அண்மையிலுள்ள வேப்பலோடையில் முத்தை வளர்த்தெடுப்பதில் வெற்றி கண்டார். சிப்பியின் போர்வைத் துணுக்கோடு ஒரு மணியை உடலுள் வைத்தால், அத்துணுக்கு வளர்ந்து மணியைச் சூழ்ந்து பையாகி, ஓட்டுக்குச் சுரக்கும் அதே முத்துப்படலத்தை மணியின் மேல் சுரக்கிறது. முத்து என்பது வேறொன்றன்று. உள்நோக்கித் திரும்பிய ஓடுதான்.

அந்தமான் கடலில் இருப்பது கறுப்பு விளிம்புடைய முத்துச்சிப்பி. உலகச் சந்தையில் விலைமிக்க கறுநிற முத்து, பசிபிக் பெருங்கடலின் தாஹிதி முதலான தீவுகளில் இவ்வினத்திலிருந்தே கிடைக்கிறது. அந்நிலையத்து அறிஞர்கள் இத்தீவுகளிலும் அச்சிப்பியைப் பற்றி ஆய்வு நடத்தியுள்ளனர். தூத்துக்குடிக் கரையில் கைவந்த கலை, கடல் கடந்து இக்கரைக்கும் பயன்படும் என்பது நமக்கு மகிழ்வூட்டும் செய்தி.

வீட்டுக்கு வரும் இடையூறு

இனி, கவலைக்கு வருவோம். 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலையை எழுப்பிய நிலநடுக்கம் இத்தீவுகளையே ஒருபுறம் தூக்கி ஒருபுறம் தாழ்த்தியது. வடக்கு அந்தமானின் மேற்குக் கரை ஏறத்தாழ ஒரு மீட்டருக்கு மேல் உயர்ந்தது. நீரை இழந்த பவளப்பாறைகள் வெயிலில் வெளிறி மாண்டன. தெற்கு அந்தமான் தாழ்ந்தது. தலைநகரை அடுத்த சிப்பிகாட்டில் விளைநிலங்களுக்குள் கடல் புகுந்து நின்றுவிட்டது. மனிதர் மேட்டுக்குப் போகலாம். ஒட்டி வாழும் உயிருக்கு அவ்வழி இல்லை.

அது ஒரு நாளில் வந்த கேடு. மெல்ல வரும் கேடு வேறு. நிலக்கரியும் எண்ணெயும் எரிப்பதால் காற்றில் சேரும் கரியமில வாயுவில் ஒரு பகுதியைக் கடல் உறிஞ்சுகிறது. அதனால், தொழிற்புரட்சிக் காலத்திலிருந்து இன்றுவரை, கடல் மேல்நீரின் புளிப்புத்தன்மை ஏறத்தாழ 30 விழுக்காடு மிகுந்துள்ளது. நாவுக்கு அது தெரியாது, சிப்பிக்குத் தெரியும். கூடு கட்ட வேண்டிய கார்பனேட் குறைகிறது. சிப்பிக் குஞ்சின் முதல் ஓடு, எளிதில் கரையும் அரகோனைட்டால் ஆனது என்பதை ஈண்டு நினைவுகூர வேண்டும். 2007, 2008-ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவின் மேற்குக் கரையில் சிப்பிக் குஞ்சு வளர்க்கும் நிலையங்களில் குஞ்சுகள் கூட்டம் கூட்டமாக மடிந்தன. ஆழ்கடலிலிருந்து மேலெழுந்த புளிப்பு மிக்க நீரே காரணம் எனப் பின்னர்த் தெரிந்தது. வளர்ந்த சிப்பி தாங்கும் நீரைப் பிறந்த குஞ்சால் தாங்க இயலவில்லை.

உலகக் காற்றைத் திருத்துவது ஒரு குடும்பத்தின் கையில் இல்லை. ஆனால் இக்கரையில் நாம் செய்யக்கூடியவை சில உண்டு. விடுமுறைக்குச் சென்னைக் கப்பலில் ஏறும்போது, ஊரிலுள்ள உறவினருக்கு ஒரு பை நிறையக் கிளிஞ்சலும் பவளத்துண்டும் கொண்டு செல்லும் ஆசை பலர்க்கும் எழும். பவளம், சிலவகைப் பெருஞ்சிப்பி, நாட்டிலஸ் முதலியன 2001-ஆம் ஆண்டு முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் உள்ளன. சட்டம் ஒருபுறம் இருக்க, பொறுக்கிச் செல்லும் ஒவ்வோர் ஓடும் அடுத்துவரும் குஞ்சு ஒட்டவேண்டிய தளம் என்பதையும், முனிவன் நண்டு குடிபுகவேண்டிய மனை என்பதையும் எண்ணிப் பார்த்தல் நலம். வீட்டுக் கழிவுநீரும் நெகிழிக் குப்பையும் ஓடை வழியே குடாவைச் சேராமல் காப்பதும் நம் கடமையே. சிப்பி வடித்துக் குடிக்கும் நீர் நாம் விடும் நீர்தான்.

அன்பர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமையில், கடல் வற்றும் நேரத்தை அறிந்து, பிள்ளைகளைக் கரைக்கு அழைத்துச் செல்க. ஒட்டியுள்ள ஒரு சிப்பியைப் பிடுங்காமலே காட்டுக. அது கட்டியுள்ள வீடு இத்தீவின் நீரால் ஆனது. கட்டிய விதம் அதன் முன்னோர் தந்தது. நிற்கும் இடம் முன்னே வந்த வேறொரு சிப்பியின் முதுகு. இம்மூன்றையும் நம் பிள்ளைகள் கண்ணாற் கண்டு உணர்ந்தால், பாடப்புத்தகத்தில் கால்சியம் கார்பனேட் என்று படிக்கும்போது அது அவர்களுக்கு வெறும் சொல்லாக இராது. திரும்பும்போது கைகள் வெறுமையாகவே இருக்கட்டும்.